காரைக்குடி வள்ளலும் இரும்பின் துருவும்

வள்ளல் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் பாரியும் பேகனும் குமணனும் நம் நினைவில் எழுவர். அவர்கள் வாழ்ந்த காலமோ நமக்கு நெடுந்தொலைவு. நம் தந்தையரும் பாட்டனாரும் கண்ணாரக் காணும்படி அண்மைக் காலத்தில் வாழ்ந்து, அச்சொல்லைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டவர் ஒருவர் உண்டு. கோட்டையூரில் தோன்றிக் காரைக்குடியைக் கல்வியின் குடியிருப்பாக்கிய டாக்டர் அழகப்பச் செட்டியாரே அவர்.

அவர் கல்லூரிகள் பல கண்டவர் என்பதைத் தமிழ் மக்கள் நன்கறிவர். அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் விளங்குவதையும் அறிவர். ஆயின், இரும்பு எதனால் துருப்பிடிக்கிறது, அத்துருவின் வேகத்தை எவ்வாறு அளப்பது, அதனை எவ்வாறு தடுப்பது என்பவற்றையும் ஆராயும் நிலையம் ஒன்றிற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வாரி வழங்கினார் என்பதை அறிந்தவர் குறைவு. கல்லூரிக் கொடையின் பயன், பட்டம் பெற்று வெளிவரும் மாணவர் வடிவில் கண்முன் தெரிகிறது. இந்தக் கொடையின் பயனோ, இடிந்து விழாத பாலத்திலும் ஓட்டை விழாத குழாயிலும் மறைந்து கிடக்கிறது. மறைந்து கிடப்பதனாலேயே அதனை எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது. தலைநகரில் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் விஞ்ஞானம் பயில்கின்றனர். அவர்கள் பொருட்டேனும் இவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

பிறப்பும் கல்வியும்

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. நகரத்தார் குலத்தில் அந்நாளில் ஆண்பிள்ளை ஓரளவு எழுதவும் கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொண்டால் போதும் என்ற எண்ணம் பரவியிருந்தது. பிறகு அவனைப் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவிற்கக் கப்பலேற்றி விடுவர். பேரேடே அவனுக்குப் பெரும்புத்தகம்.

அழகப்பர் அவ்வழியே செல்லவில்லை. காரைக்குடியில் பள்ளிக் கல்வி பெற்றபின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் மாநகர் சென்று பாரிஸ்டர் படிப்பை மேற்கொண்டார். அங்கே சார்ட்டர்டு வங்கியில் பயிற்சியும் பெற்றார். குராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றார். இலக்கியம், சட்டம், வங்கி, விமானம் என்று ஒன்றற்கொன்று தொடர்பில்லாத நான்கு துறைகளை ஓர் இளைஞர் கற்றார் என்றால், புதியது எதுவாயினும் அதன் உள்ளே புகுந்து பார்க்கும் ஆர்வம் அவரிடம் எவ்வளவு இருந்தது என்பதை நாம் உணரலாம். அந்த ஆர்வமே பிற்காலத்தில் மின் இரசாயனம் என்னும் புதுத்துறைக்கும் அவர் கதவைத் திறந்துவிடக் காரணமாயிற்று என்று கருத இடமுண்டு.

ஈட்டியதும் ஈந்ததும்

தாயகம் மீண்ட அழகப்பர் தொழில் துறையில் இறங்கினார். கொச்சி இராச்சியத்தில் திருச்சூருக்கு அண்மையில் 1937இல் நெசவாலை ஒன்றை நிறுவினார். ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு அழகப்ப நகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பங்கு வாணிகத்திலும் அவர் கைவைத்தார். ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனியையும் நடத்தினார். பொருள் பெருகியது.

பொருள் பெருகுதல் பலர்க்கும் நிகழ்வதுதான். பெருகிய பொருளை என் செய்தார் என்பதே வரலாற்றுக்கு உரிய வினா. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கென ஓர் இருக்கை அமைய ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்ற 1944இல் 5 இலட்சம் ரூபாய் அளித்தார். கிண்டியில் இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கி ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி என்று அது விளங்குகிறது. இரசாயனப் பொறியியல், நெசவு, தோல் பதனிடுதல் ஆகிய துறைகளில் வல்லுநர் பலரை அது உருவாக்கியிருக்கிறது.

ஆங்கில அரசு அவருக்கு ஸர் பட்டம் சூட்டியது. நாடு விடுதலை பெற்றதும் அப்பட்டத்தை அவர் துறந்துவிட்டார். 1947இல், சென்னையில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார், மாவட்டங்களில் கல்லூரிகள் தோன்றுதற்குச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டினார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அவ்விடத்திலேயே அறிவித்தார். சொன்ன சொல் ஆறுமுன், அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே கல்லூரி தொடங்கியது. அதனைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. மகளிர் கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தபோது தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்தார்.

பொட்டலில் எழுந்த ஆராய்ச்சி நிலையம்

இனி நம் பொருளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் அமைந்தது. அதன் தலைவராக விளங்கிய டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர், நாடு முழுவதும் தேசிய ஆராய்ச்சிக் கூடங்களைத் தொடராக நிறுவத் திட்டமிட்டார். பௌதிகத்திற்கு நம் தில்லி, இரசாயனத்திற்குப் பூனா, உலோகத்திற்கு ஜாம்ஷெட்பூர் என்று இடங்கள் முடிவாயின. பெருநகரமாகவோ பெருந்தொழில் நடக்கும் ஊராகவோ அவை இருந்தன. மின்சாரமும் இரசாயனமும் கூடும் இடத்தில் நிகழ்வனவற்றை ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்பதும் அத்திட்டத்தில் அடங்கும். மின்கலம், உலோகப் பூச்சு, காரத்தொழில், உலோக அரிப்பு ஆகிய யாவும் அத்துறையைச் சேர்ந்தன.

அந்நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று அழகப்பர் விரும்பினார். காரைக்குடியில் அந்நாளில் என்ன இருந்தது? ஆறில்லை, பெருந்தொழிற்சாலை இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. செம்மண் பொட்டலும், கண்மாயும், நகரத்தாரின் பெரிய வீடுகளும் இருந்தன. அத்தகைய ஊருக்கு உலகத் தரமுள்ள ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று கேட்பது துணிவு. கேட்டதோடு நில்லாமல் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் முன்வைத்தார். ஒரு சவரன் தங்கம் நூறு ரூபாய்க்குக் குறைவாக விற்ற காலம் அது. ஆகவே அவர் கொடுத்த பணம் மட்டுமே பதினையாயிரம் சவரனுக்கு மேற்பட்டது. நிலத்தின் மதிப்பு வேறு.

இக்கொடையின் அருமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோயில் கட்டினால் ஊரார் வந்து வணங்குவர். கல்லூரி கட்டினால் நான்கு ஆண்டுகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் பட்டதாரிகளாவர். உலோக அரிப்பை ஆராயக் கூடம் கட்டினால் கொடுத்தவர் வாழ்நாளில் காணக்கூடிய பலன் யாது? ஓர் இரும்புத் துண்டைக் காற்றில் வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அங்கே பணிபுரிவர். அவர்கள் செய்வது யாதென்று அக்கம்பக்கத்தார்க்கு விளங்காது. பலன் பிற்காலத்தில், வேறெங்கோ, பெயர் தெரியாத ஒருவர்க்குச் சென்று சேரும். அத்தகைய பயனுக்காகப் பொருள் கொடுப்பதற்குப் பெருநெஞ்சு வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும் நஷ்டமே பெரிய நஷ்டம் என்பது வாணிக மரபில் வந்தவர்க்குத் தெரிந்த உண்மை. துரு அத்தகைய நஷ்டங்களுள் தலையாயது. அமெரிக்காவின் அரிப்புத் தடுப்புப் பொறியாளர் சங்கம் 2016இல் வெளியிட்ட கணிப்பின்படி, உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 3.4 பங்கு உலோக அரிப்பால் வீணாகிறது.

1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட அப்போது நிறைவுறவில்லை. 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கலை ஒட்டிய நாளில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் முழுப்பெயர். காரைக்குடி மக்கள் அதனைச் சிக்ரி என்று செல்லமாக அழைப்பர்.

துரு என்பது யாது?

அங்கே நடக்கும் ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ளத் துருவின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு வைத்துவிட்டால் மறுநாட் காலையில் செம்பழுப்புப் படிந்திருக்கும். எண்ணெய் தடவி வைத்தால் அவ்வாறு நேர்வதில்லை. இச்சிறு நிகழ்ச்சியில் அரிப்பு விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

ஈரம் படிந்த இரும்பின் மேற்பரப்பில் எண்ணற்ற சிறு மின்கலங்கள் தோன்றுகின்றன. ஓரிடத்தில் இரும்பின் அணுக்கள் மின்னணுக்களைக் கைவிட்டு நீரில் கரைகின்றன. அம்மின்னணுக்கள் இரும்பினூடே ஓடி மற்றோரிடத்தை அடைந்து, அங்கே நீரிலுள்ள பிராணவாயுவோடு சேர்கின்றன. கரைந்த இரும்பும் பிராணவாயுவும் நீரும் கூடித் துருவாகப் படிகின்றன. நீரில் உப்பு இருப்பின் மின்னோட்டம் எளிதாகும், துருவும் விரைவாகும். எண்ணெய்ப் பூச்சு நீரையும் காற்றையும் அண்டவிடாது. ஆதலால் கல் பிழைக்கிறது. துத்தநாகம் பூசிய வாளியில் நிகழ்வது இன்னும் வியப்பானது. பூச்சில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் இரும்பை முந்திக்கொண்டு தான் கரைந்து இரும்பைக் காக்கிறது.

துரு ஒரு மின் நிகழ்ச்சி என்று தெளிந்தபின், அதனை மின்சாரத்தாலேயே அளக்கலாம் என்ற வழியும் பிறந்தது.

அளக்கும் வழிகள்

அளவைகளுள் மூத்தது எடை பார்த்தல். சிறிய உலோகத் தகட்டை நுட்பமாக நிறுத்து, வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் வைப்பர். குறித்த காலம் சென்றபின் துருவைக் களைந்து மீண்டும் நிறுப்பர். குறைந்த எடையே துரு தின்ற அளவு. இராமேசுவரம் செல்லும் வழியில், மண்டபத்தில் சிக்ரி அமைத்த சோதனைக் களத்தில் இவ்வாறு தகடுகளைக் கடற்காற்றுக்கு எதிரே நிறுத்தி வைத்தனர். எளிய முறைதான்; பொய்யாத முறையுமாகும். ஆயினும் விடை கிடைக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பாலம் காத்திருக்குமா?

விரைவான வழிக்கு அடிகோலியவர் மைக்கேல் பாரடே. எவ்வளவு மின்சாரம் ஓடினால் எவ்வளவு உலோகம் கரையும் என்ற விதியை அவர் 1830களில் வகுத்தார். அவ்விதிப்படி ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்பு கரையும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஓர் ஆம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஓடினால், ஓர் ஆண்டில் 0.012 மில்லிமீட்டர் கனம் தேயும். ஆகவே மின்னோட்டத்தை அளந்தால் தேய்மானத்தை இன்றே கூறிவிடலாம்.

துருவின் மின்னோட்டமோ உலோகத்தின் உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. அதனைக் கருவி வைத்து நேரே அளக்க இயலாது. வெளியிலிருந்து சிறிது மின்னழுத்தம் தந்து, உலோகம் எவ்வாறு மறுமொழி கூறுகிறது என்று பார்த்தல் வேண்டும். இத்தொடர்பைச் சுவிட்சர்லாந்து நாட்டு இரசாயன நிபுணர் தாபெல் 1905இல் எடுத்துக்காட்டினார். மிகச் சிறிய மின்னழுத்தத்தைக் கொண்டே அரிப்பின் வேகத்தைக் கணிக்கும் வழியை அமெரிக்க அறிஞர்களான ஸ்டெர்னும் கியரியும் 1957இல் வகுத்தனர். இம்முறையில் உலோகத்துக்குச் சேதமில்லை. சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

மற்றொரு முறையும் உண்டு. முன்னாளில் இரயில் வண்டி நிலையத்தில் நிற்கும்போது ஊழியர் ஒருவர் நீண்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே செல்வார். வெடிப்பில்லாத சக்கரம் கணீரென்று ஒலிக்கும். வெடித்த சக்கரம் மழுங்கிய ஓசை தரும். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இம்முறையை விளக்க அதைவிடப் பொருத்தமான உவமை தோன்றவில்லை. வெவ்வேறு வேகத்தில் மாறும் மின்சாரத்தை உலோகத்துக்குத் தந்து, ஒவ்வொன்றுக்கும் அது காட்டும் தடையைக் குறித்துக்கொள்வர். வண்ணப்பூச்சு வெளிப்பார்வைக்குப் புதிது போலப் பளபளக்கும்போதே, அடியில் ஈரம் புகுந்துவிட்டதா இல்லையா என்பதை இம்முறை உணர்த்திவிடும். கொப்புளம் எழுவதற்கு முன்பே நோயைக் கண்டறிகிறார் மருத்துவர் என்று கொள்க.

துருவின் வேகத்தை அறிவது ஒருபுறம். துருவின் வகையை அறிவது மற்றொருபுறம். எல்லாத் துருவும் ஒன்றன்று. சில வகை உதிர்ந்துகொண்டே போகும். சில வகை கெட்டியாகப் படிந்து அடியிலுள்ள இரும்பைக் காக்கும். எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் கோணங்களைக் கொண்டு துருவின் அமைப்பை அறியலாம். திருச்சியில் பிறந்த ஸர் சி.வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவைக் கொண்டும் துருவின் வகைகளைப் பிரித்தறிகின்றனர். ஜெர்மானியரான மாஸ்பவர் 1958இல் கண்ட காமாக் கதிர் விளைவோ, இரும்புக்கென்றே அமைந்தது போல அத்துணைப் பொருத்தமானது.

நம் தில்லியின் சான்று

இக்கருவிகளின் ஆற்றலுக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குதுப்மினார் காணச் செல்லும் நாம், அங்கே நிற்கும் இரும்புத் தூணையும் கண்டு மீள்கிறோம். குப்தர் காலத்ததான அத்தூண் சுமார் 1,600 ஆண்டுகள் பழமை உடையது. உயரம் 7.2 மீட்டர், எடை 6 டன்னுக்கு மேல். இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒன்றோடொன்று இணைத்து அதனை ஆக்கியுள்ளனர். மழையிலும் வெயிலிலும் நின்றும் அது அழியாதிருப்பது ஏன் என்று உலகமே வியந்தது. மந்திரம் என்றனர் சிலர். கலப்பற்ற தூய இரும்பு என்றனர் சிலர்.

இங்கிலாந்து நாட்டு உலோக நிபுணர் ஸர் இராபர்ட் ஹாட்பீல்டு 1912ஆம் ஆண்டளவில் அவ்விரும்பைப் பகுத்தாராய்ந்து, அதில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதைக் கண்டார். 1961இல் தூணைத் தோண்டி எடுத்துச் சீர்செய்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதி துருவேறியிருந்தது தெரியவந்தது. ஆகவே மந்திரம் என்ற பேச்சு அன்றே அடங்கியிருக்க வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்து 2009இல் மறைந்த டாக்டர் ஆர். பாலசுப்பிரமணியம், எக்ஸ் கதிர், மாஸ்பவர் முதலிய முறைகளால் தூணின் துருவை ஆராய்ந்தார். இரும்புக்கும் துருவுக்கும் இடையே பாஸ்பேட் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று உருவாகி அத்தூணைக் காத்து வருகிறது என்று அவர் நிறுவினார். ஈரமும் உலர்வும் மாறி மாறி வருவதால் அப்படலம் வலுப்பெறுகிறது. தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. அதே தூண் இராமேசுவரக் கரையில் நின்றிருப்பின் அதன் கதை வேறாயிருக்கும்.

பாம்பன் பாலம்

இராமேசுவரக் கரையின் நிலை எத்தகையது என்பதைப் பாம்பன் பாலம் காட்டும். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின் குறுக்கே நீண்டது. உலகில் உப்புக்காற்று இரும்பை மிகக் கடுமையாகத் தின்னும் இடங்களுள் அதுவும் ஒன்று. 1964 டிசம்பரில் புயல் அப்பாலத்தைச் சிதைத்தது. சில வாரங்களிலேயே அது மீண்டும் எழுந்தது. புயல் ஓரிரவு செய்த தீங்கை நாடு முழுவதும் அறிந்தது. துரு நூறாண்டுக்கு மேலாக இரவும் பகலும் செய்த தீங்கைப் பாலத்தைச் சுரண்டி வண்ணம் பூசிய தொழிலாளரே அறிவர். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் ஓட்டம் நின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. கடற்காற்றைத் தாங்கவல்ல சிறப்பு வண்ணப்பூச்சு அதற்கு இடப்பட்டுள்ளது. அந்நாள் அழகப்பர் பிறந்த நாளாகவும் அமைந்தது தற்செயலே. ஆயினும் எண்ணுந்தோறும் இனிக்கும் தற்செயல் அது.

மண்டபக் கரையில் தகடுகளை நிறுத்தி ஆண்டுதோறும் எடை பார்த்தவர்களின் உழைப்பு, கடலோரத்தில் எப்பொருள் எத்துணைக் காலம் தாங்கும் என்ற அறிவை நாட்டுக்கு அளித்தது. காங்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அது பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும். அதனைத் தடுக்கக் கம்பிகளுக்கு இடும் ஒருவகைச் சிமெண்டுப் பூச்சைச் சிக்ரி கண்டறிந்து வழங்கியது. இவை போன்ற பயன்களைக் காண அழகப்பர் இருக்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

கொடுத்துக் கொண்டேயிருந்த அக்கைகளை நோய் நெடுநாள் வாட்டியது. நிலையத்தின் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளிலேயே அவர் உடல் தளர்ந்துகொண்டு வந்தது. தொழில்களிலும் முன்போல் வருவாய் இல்லை. எனினும் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். ஐம்பதைக்கூடத் தொடாத வாழ்வு அது.

அவர் தொடங்கிய கல்லூரிகளை அடித்தளமாகக் கொண்டு 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. சிக்ரியோ நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. வடநாட்டிலிருந்தும் இளைஞர்கள் அங்கே சென்று ஆராய்ச்சி செய்கின்றனர். பிழைப்பைத் தேடித் தெற்கிலிருந்து வடக்கே வந்தவர்கள் நாம். அறிவைத் தேடி வடக்கிலிருந்து தெற்கே, அதுவும் ஒரு சிற்றூரின் செம்மண் பொட்டலுக்கு, மாணவர் செல்லும்படி செய்தார் அழகப்பர். அவர் செயலில் தலைநகர்த் தமிழர்க்கு உவகையளிக்கும் பகுதி இதுவென்பேன்.

இரும்பு பயன்படாமல் கிடந்தால் துருவேறும் என்பது நம் வீடுகளில் வழங்கும் பழம்பேச்சு. பூட்டி வைத்த பொருளின் நிலையும் அதுவே. தம் பொருளைத் துருவேற விடாத ஒருவர், நாட்டின் இரும்பைத் துருவேற விடாத ஆராய்ச்சிக்கே அதன் ஒரு பகுதியை அளித்தது எத்துணைப் பொருத்தம்! நம்முள் எவரும் 300 ஏக்கர் உடையவர் அல்லர். 15 இலட்சத்தை ஒரே நாளில் எடுத்து நீட்டவும் நம்மால் ஆகாது. ஆயினும் நம் சங்கத்து நூலகத்துக்கு ஒரு விஞ்ஞான நூல், அண்டை வீட்டு ஏழைப் பிள்ளைக்கு ஒரு பருவத்துக் கட்டணம் என்ற அளவில் நம்மாலும் இயலும். பயன் உடனே தெரியவில்லையே என்று தயங்க வேண்டா. தெரியாத பயனுக்கும் கொடுக்கலாம் என்பதே அழகப்பர் வாழ்ந்து காட்டிய பாடம்.

வாழ்க வள்ளல் அழகப்பர் புகழ்! வளர்க நம் இளைஞர்தம் விஞ்ஞான அறிவு!